ஐந்து பேரில் மூன்று பேர்

ஜூலை 14, திங்கள்

அலுவலகத்துக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கிப் போட்டேன். கீழே பேட்டரிக் கடை வைத்திருக்கும் வைரவன் அண்ணன்தான் இந்த மாடிக்கும் உரிமையாளர். மெஷினைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தவர் மூச்சு வாங்கியபடி, "ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன், நீங்க என்ன யாவாரம்மா பண்றீங்க?" என்றார்.

சொன்னேன். யூடியூபில் சமையல் போடுகிறவர்கள், பாட்டுப் பாடுகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய முகப்புப் படத்தையும் போஸ்டரையும் தாங்களே வரைந்துகொள்ள ஒரு மென்பொருள் செய்கிறோம். பெயர் பந்தல். இது மாதிரி ஏற்கனவே நிறைய இருக்கிறது. அவையெல்லாம் நம் வேலையைத் தங்கள் கிடங்கில் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு நாள் கணக்கை முடக்கினால் அவ்வளவும் போச்சு. என் கணவர் சவரிக்கு அப்படித்தான் பல வருட வேலை போனது. ஏன் என்று கேட்டு எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. பந்தலில் கிடங்கே கிடையாது. ஒருவர் வரைந்தது பூட்டப்பட்டு, துண்டு துண்டாக மற்றவர்களின் மெஷின்களில் தங்கும். ஒரு கால் சாய்ந்தாலும் பந்தல் நிற்கும். சாவி வரைந்தவரிடம் மட்டும்தான். எங்களிடம்கூடக் கிடையாது.

"அப்ப சாவி தொலைஞ்சா?" என்றார். எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

புது மெஷினில் என் பெயரில் பந்தலைத் திறந்து ஓடவிட்டிருக்கிறேன். பாய், தலையணை, பிரஷ், ஒரு கெட்டில் கொண்டுவந்து வைத்தேன். சிலர் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறார்கள், முழு வெளியீடு நெருங்குகிறது. வேலை அதிகம்.

ஜூலை 15, செவ்வாய்

சவரி போன் செய்தான்.

"புதுசா உன் பேர்ல ஒரு மெஷின் காட்டுதே."

"ஆமா. ஆபீஸ்ல போட்டிருக்கேன்."

"அங்கயேதான் இருக்கப் போகுதா?"

"மெஷினா?"

 "சரி" என்றான். வேறு என்ன சொல்வான். காலையில் இட்லியா தோசையா என்றாலும் சரி, வீட்டை விற்றுவிடலாமா என்றாலும் சரி.

ஜூலை 22, செவ்வாய்

தொலைந்த சாவிக்கான வழியை, இதுவரை எங்களுக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்ததை, இன்று எல்லாருக்கும் திறந்துவிட்டோம். சவரியின் யோசனை இது. நாம் நம்புகிற ஐந்து பேருடைய மெஷின்களைச் சேர்த்து வைக்கலாம். ஒவ்வொன்றிலும் சாவியின் ஒரு பங்கு தங்கும். நமக்கே திறக்க முடியாமல் போனால் அழைப்பு போகும். ஐந்து பேரில் மூன்று பேர் "தருகிறேன்" என்று அழுத்தினால் பூட்டு திறக்கும். அழைப்பு வரும்வரை தான் சேர்க்கப்பட்டிருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மிரட்டி வாங்கிவிடுவார்கள்.

அதில் நான் முன்பே ஒரு விதி சேர்த்திருந்தேன். உரியவரின் வீட்டு வைஃபையில் இணைந்த மெஷினை ஐவரில் ஒன்றாகப் பந்தல் ஏற்காது.

போன மாதம் இதற்குத்தான் சண்டை. "வீட்ல இருக்கறவங்களத்தான ஜெசி முதல்ல நம்புவாங்க?" என்றான். "வீட்ல இருக்கறவங்கதான் முதல்ல பிடுங்குவாங்க" என்றேன். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மணப்பாறையில் சமையல் சேனல் நடத்தும் பரமேஸ்வரி, புருஷன் சேனலை எழுதி வாங்கப் பார்க்கிறான் என்று இதே போனில் அழுதாள். சவரி அதைக் கேட்டுவிட்டும் "இது தப்பு" என்றான். அவன் என்னிடம் தப்பு என்று சொன்னதே அபூர்வம். அதைச் சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து பழையபடி சரி, சரி. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு எப்படி ஆகிவிட்டது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூலை 26, சனி

துணி துவைத்தேன். மொட்டை மாடியில் கொடி கட்ட வைரவன் அண்ணன் ஆணி அடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரைக்கு, அம்மா மண்டபம் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிகின்றன. சவரி வந்திருந்தான். மழை வரும்போல இருக்கிறது என்று என் குடையைக் கொண்டுவந்தானாம். மேலே வரவில்லை, படியிலேயே நின்றான்.

"படம்லாம் முடியப் போகுது" என்றான். பந்தலோடு சேர்த்துக் கொடுக்க அவன் வரைந்து வரும் சின்னச் சின்னப் படங்கள் அவை. வெளிநாட்டு மென்பொருளில் 'பாத்திரம்' என்று தேடினால் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு பாத்திரம் வரும். அதனால் சவரி குக்கர், இடியாப்ப அச்சு, டவரா செட், ஷேர் ஆட்டோ, ரேஷன் பை என்று ஒன்று விடாமல் இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறான்.

"காட்டேன்."

"முழுசா முடிச்சிட்டுத் தரேன். அதுவரைக்கும் பூட்டித்தான் வெச்சிருக்கேன்."

குடையை வாங்கிக்கொண்டேன். மழை வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்று சவரிக்கு ஸ்ட்ரோக். ஞாயிறு பூசை முடிந்து மகனைப் பார்க்கலாம் என்று வந்த அத்தைதான் கதவை உடைக்கச் சொல்லி, கூடத்தில் கிடந்தவனைப் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் வந்தபோது நான் அலுவலகத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மருத்துவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "கடைசியா எப்ப நல்லா இருந்தத பாத்தீங்க? அத வெச்சுத்தான் என்ன மருந்து குடுக்கறதுன்னே முடிவு பண்ணணும்."

முந்தின நாள் சாயங்காலம் என்றேன். அது போனில் பேசியது. பார்த்தது வேறு கணக்கு.

அத்தை பக்கத்தில்தான் நின்றார். நான் எங்கே இருந்தேன் என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அலுவலகம் போய் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். எங்களோடு வேலை செய்யும் மூன்றாவது ஆள் நஸ்ரீன். இனி அவள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும். வெளியீடு தள்ளி வைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலது கை தூக்க வரவில்லை. நடக்க வைக்கலாம் என்கிறார்கள். பேச்சுதான் போய்விட்டது. எல்லா வார்த்தையும் போய் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. "சரி."

தண்ணீர் வேண்டுமா? சரி. வேண்டாமா? சரி. நான் யார்? சரி.

அத்தை வரகனேரி வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். நான் 'அவன்' என்று பேசுவது அவருக்கு எப்போதும் பிடிக்காது. இப்போது அதைக்கூடக் கண்டுகொள்வதில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

பேச்சுப் பயிற்சிக்குத் தேன்மொழி மேடம் வந்தார். ஒரு கட்டுப் படச்சீட்டு வைத்திருக்கிறார். ஆப்பிள், பனிமனிதன், பியானோ, கப்பல். ஒவ்வொன்றாகக் காட்டினார். சவரி ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றான். நாலைந்து படத்துக்குப் பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "சார் பேசணும்ங்கறதுகூட அப்புறம்தாம்மா. முதல்ல 'இல்ல'ன்னு சொல்லணும். தலைய ஆட்டியாச்சும் சொல்லணும். எல்லாத்துக்கும் சரின்னா, வலிக்குதான்னு கேட்டாக்கூட நம்மளால நம்ப முடியாதுல்ல? அவருக்கு நல்லாப் பழக்கமான படம் ஏதாச்சும் வேணும். சீக்கிரம் குடுத்தா நல்லது. முதல் மூணு, நாலு மாசம்தான் மூளை வேகமா திருப்பிக் கத்துக்கும்."

பழக்கமான படம். அவன் கையாலேயே வரைந்த சில நூறு படங்கள் இருக்கின்றன.

செப்டம்பர் 3, புதன்

அவன் போனில் பந்தலைத் திறந்தேன். சாவிச்சொற்கள் கேட்டது. ஆறு சொற்கள், அவன் மட்டும் அறிந்தவை. போனை அவன் இடது கையில் கொடுத்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் நீட்டி "சரி" என்றான்.

கைரேகை வைத்திருக்கலாம். தூங்குகிறவன் விரலை யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துவிடலாம், அது வேண்டாம் என்றது நான்தான்.

அழைப்பை அனுப்பினேன். ஐந்து பேரில் மூன்று பேர் வேண்டும். யார் அந்த ஐவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்ததும் நான்தான்.

"அக்கா, நீங்க அதுல இருக்க மாட்டீங்களா?" என்று நஸ்ரீன் போனில் கேட்டாள்.

"எப்படி இருப்பேன்? ஒரே வீடு. விதி விடாது."

அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

ஐந்தில் ஒன்று வந்துவிட்டது. புதுக்கோட்டையில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் அடைக்கலம். அவரே போனும் செய்தார். "காலைல கடையத் தொறந்தேன், திரையில ஒருத்தர் உங்கள நம்பி வெச்சது உங்ககிட்ட இருக்குன்னு நிக்குது. சவரி சார் என்னப் போயி சேத்திருக்காரேன்னு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலம்மா. அவர நான் நேர்ல பாத்ததுகூட இல்ல."

செப்டம்பர் 8, திங்கள்

வேளாங்கண்ணித் திருவிழா. வருடா வருடம் போகிற அத்தை இந்த வருடம் போகவில்லை. டிவியில் தேர் வரும்போது எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் இரண்டாவது பங்கு வந்தது. பரமேஸ்வரி. ஐந்தில் இரண்டு.

செப்டம்பர் 11, வியாழன்

கரூரிலிருந்து ஒருவர். பந்தல் குழுவில் நாங்கள் போட்ட செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசினார். சவரி அவரையும் சேர்த்துக்கொள்வதாக ஒரு முறை விளையாட்டாகச் சொன்னானாம். ஆனால் அந்தப் போனை மாற்றிவிட்டாராம், பழசைக் கடையிலேயே கொடுத்துவிட்டாராம். ஸாரி, ஸாரி என்று பத்து முறை சொன்னார். போனை வைத்ததும் ஆத்திரமாக வந்தது. அவர்மேல் ஆத்திரப்பட என்ன இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

ஐந்தில் இரண்டு.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் அத்தை காபி கொடுத்திருக்கிறார். "சூடு போதுமாய்யா?" "சரி." வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது. "சூடா இருக்கா?" "சரி." "இல்லையா?" "சரி." முழுவதையும் குடித்துவிட்டான். மத்தியானம் சாப்பிட வாய் திறந்தபோதுதான் நாக்கு வெந்திருப்பதைப் பார்த்தேன்.

சமையலறையில் போய் நின்றேன். அத்தை பின்னாலேயே வந்தார்.

"அந்தப் படத்த எடுக்க முடியாதுங்கறியே, பூட்டு நீ போட்டதுதான?"

"ஆமா அத்தை."

"அப்ப ஒடை."

செப்டம்பர் 17, புதன்

உடைக்கலாம். பூட்டை அல்ல, சம்மதம் கேட்கிற இடத்தை. நஸ்ரீன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தருகிறேன்னு அவங்க அழுத்துனாத்தான பங்கு வருது? அழுத்தாமயே வர்ற மாதிரி ஒரு அப்டேட் விட்டா எல்லா மெஷினும் வாங்கிக்கும். பங்கு வந்ததும் அடுத்த அப்டேட்ல பழையபடி மாத்திரலாம். யாருக்கும் தெரியாதுக்கா."

எழுதினேன். பெரிய வேலை இல்லை. சில வரிகள்தான். இத்தனை வருடம் கட்டியதைத் திறக்க இவ்வளவு குறைவாகத்தான் தேவைப்படும் என்பது பார்க்கவே அசிங்கமாக இருந்தது. விடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பரமேஸ்வரி சவரியைப் பார்க்க வந்தாள். ஒரு டப்பா நிறைய முறுக்கு, கடிக்க முடியாது என்று தெரியாமல் கொண்டுவந்துவிட்டேனே என்று அவளே நொந்துகொண்டாள். அவள் சேனலின் முதல் முகப்புப் படம் சவரி வரைந்து கொடுத்தது. அவன் கட்டிலோரம் உட்கார்ந்து சேனல் கதையெல்லாம் சொன்னாள். அவன் சரி, சரி என்று கேட்டுக்கொண்டான். பேச்சு போனவன் மாதிரியே தெரியவில்லை. முன்பும் இப்படித்தானே கேட்பான்.

போகும்போது வாசலில் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு எழுதிக் கேட்டாராம்க்கா. நான்தான் புருஷன், தொறந்து குடுங்கன்னு. எங்களாலேயே தொறக்க முடியாதுன்னு பதில் போட்டீங்களாமே. அதப் படிச்சிட்டு ரெண்டு நாள் குதிச்சாரு. அப்புறம் விட்டுட்டாரு. அது பொய்யா இருந்திருந்தா நான் இன்னைக்கு உங்க வாசல்ல நிக்க மாட்டேன்."

அவளை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்து, எழுதி வைத்திருந்ததை அழித்தேன். அழித்துவிட்டேன் என்று நஸ்ரீனுக்குச் செய்தி அனுப்பினேன். "நல்லது" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது.

சவரியின் நாக்கில் வெந்த புண் இன்னும் ஆறவில்லை. நான் செய்தது சரியா என்று அவனைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

செப்டம்பர் 25, வியாழன்

தேன்மொழி மேடம் பத்திரிகையிலிருந்து படம் வெட்டி ஒட்டி எடுத்து வந்தார். நல்ல பெண். பிடித்துப் பார்த்தான். சரி.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. வைரவன் அண்ணன் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மாடியில் தூசியோடு கிடப்பதைப் பூஜைக்கு முன்னால் துடைத்தாக வேண்டுமாம். நானும் அலுவலகத்தைக் காலி செய்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். டெஸ்க்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் போட்டால், சவரியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். அதைத் தூக்க ஆட்டோவும் பேசிவிட்டேன்.

நஸ்ரீனும் வந்திருந்தாள். பெருக்கினோம், துடைத்தோம். ஒயரையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு மெஷினைத் தூக்கப் போகும்போது, வைரவன் சந்தனக் கிண்ணத்தோடு மேலே வந்தார். ஒரு நாள் முன்னாடியே பொட்டு வைத்து அனுப்புகிறேன் என்றார்.

"வையுங்கண்ணே."

"மெஷினப் போட்டு விடுங்கம்மா. ஓடாமக் கெடக்குற மெஷினுக்கு நான் பொட்டு வெக்கிறதில்ல. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். லேத்து ஒரு சுத்தாவது சுத்தணும், பேட்டரியில லைட்டாவது எரியணும்."

ஆட்டோக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எரிச்சலோடு ஒயரைப் பிரித்து மாட்டி, மெயின் சுவிட்சைப் போட்டேன். ஆகஸ்டில் அணைத்தது. மெஷின் இரைந்துகொண்டு எழுந்தது. வைரவன் திரையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டார். பந்தல் தானாகத் திறந்தது.

பொட்டுக்குக் கீழே அந்த வரி நின்றது.

ஒருவர் உங்களை நம்பி வைத்தது உங்களிடம் இருக்கிறது. தருகிறீர்களா?

கீழே சவரியின் பெயர்.

எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. "விதி தப்பா ஓடுது, பிழை இருக்கு" என்றேன் நஸ்ரீனிடம். "நான் எப்படி இதுல வர முடியும், ஒரே வீடு."

நஸ்ரீன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மூலையில் சுருட்டி நின்ற பாயைப் பார்த்தாள், ஜன்னல் மேல் என் பிரஷைப் பார்த்தாள். "அக்கா" என்றாள் மெதுவாக, "இந்த மெஷின் உங்க வீட்டு வைஃபைக்கு ஒரு நாள்கூட வந்ததில்லக்கா."

வைரவன் ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அழுத்தினேன். ஐந்தில் மூன்று.

பூட்டு திறந்ததும் ஐவரின் பெயரும் தெரியும். அடைக்கலம். பரமேஸ்வரி. கரூர்க்காரர். அத்தையின் போன், அதில் பந்தல் இப்போது இல்லை என்ற குறிப்போடு. கடைசியில் நான். என் பெயருக்கு எதிரே ஜூலை 15 என்று இருந்தது. போனில் "சரி" என்று சொன்ன நாள்.

வீட்டில் இருந்தவரை அவனால் என்னைச் சேர்க்க முடியவில்லை. என் விதி விடவில்லை. நான் போய்விட்டேன் என்று தெரிந்த அன்றைக்கே சேர்த்திருக்கிறான்.

அந்தத் திருட்டு அப்டேட்டை விட்டிருந்தாலும் மூன்றாவது பங்கு வந்திருக்காது. இந்த மெஷின் அணைந்து கிடந்தது. மூன்றாவது பங்கைக் கேட்டு இத்தனை வாரம் ஊரெல்லாம் அழைத்திருக்கிறேன், இந்த அறையைத் தவிர. எனக்கு இந்த அறையில் ஒரு மெஷின் இருப்பது நினைவில் இருந்தது. ஏன் இருக்கிறது என்பதைத்தான் நினைக்க விரும்பவில்லை.

நஸ்ரீன் தோளைப் பிடித்துக்கொண்டாள். நன்றாக அழுதேன். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, மெஷினை அங்கேயே விட்டுவிட்டு, படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஐவரில் அவரும் ஒருவர் என்று அத்தையிடம் சொன்னேன். திருதிருவென்று விழித்தார். "அந்தப் பந்தலா? வாட்ஸ்அப்ல இடம் இல்ல இடம் இல்லன்னு காட்டுச்சுன்னு நான்தான எடுத்துவிட்டேன்" என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டு, "என்னையும் நம்பி வெச்சிருக்கான் பாரு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படங்கள் எல்லாவற்றையும் கடையில் கொடுத்து அட்டையில் அச்சடித்தாயிற்று.

அக்டோபர் 3, வெள்ளி

தேன்மொழி மேடம் முதல் சீட்டைக் காட்டினார். குக்கர். எங்கள் வீட்டுக் குக்கர், கைப்பிடியில் நான் சுற்றிய நூல் உட்பட. சவரி சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி இடது கையால் தடவினான். ஒன்றும் சொல்லவில்லை. 'சரி'கூடச் சொல்லவில்லை. மேடம் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

அக்டோபர் 9, வியாழன்

ரேஷன் பையைக் காட்டி வேண்டுமென்றே, "சார், இது இடியாப்ப அச்சுதான?" என்றார் மேடம். சவரி அவரை நிமிர்ந்து பார்த்தான். பையைப் பார்த்தான். தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

மேடம் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அத்தை, "என்னாச்சு, என்னாச்சு" என்று சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். என் பிள்ளை இல்லை என்று சொன்னான் என்று அன்று முழுக்க உறவுக்காரர்களுக்கெல்லாம் போன். அந்தப் பக்கம் கேட்டவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

காபியை இப்போது கையால் தள்ளுகிறான். ஆறட்டும் என்று அர்த்தம்.

அக்டோபர் 18, சனி

டெஸ்க்டாப் இன்று வீட்டுக்கு வந்தது. கூடத்தில், சவரியின் நாற்காலிக்கு எதிரே போட்டேன். திரையின் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது, துடைக்கவில்லை. வீட்டு வைஃபையில் இணைத்தேன். இணைந்த கொஞ்ச நேரத்தில் அவன் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன்.

ஜெசிந்தாவின் மெஷின் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது. எனவே நீங்கள் நம்பும் ஐவரிலிருந்து நீக்கப்பட்டது.

இந்த வரியையும் எழுதியது நான்தான். எழுதியபோது நல்ல வாக்கியம் என்று நினைத்தேன்.

அவன் கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன். படிக்க இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. உதடு அசைய அசைய, நேரம் எடுத்துப் படித்தான். அவன் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"நான் இங்க இல்லன்னு தெரிஞ்சுதான சேத்த?" என்றேன்.

அவன் விரலைத் திரையில் 'நீக்கப்பட்டது' என்ற இடத்தில் வைத்தான். வாயைக் கோணினான். தொண்டையில் ஏதோ புரண்டது. திரும்பவும் முயன்றான். முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டது. போதும் விடு என்று சொல்லப் போனேன்.

"த...ப்பு" என்றான்.

அத்தை உள்ளேயிருந்து, "யாரு பேசுனது?" என்றார்.

அவன் என்னைப் பார்த்து, இன்னும் ஒரு முறை, இந்தத் தடவை கோபமாகவே சொன்னான். "தப்பு."

"ஆமா" என்றேன். "தப்புதான் சவரி."

அக்டோபர் 19, ஞாயிறு

நஸ்ரீனிடம் பேசினேன். விதியை அடியோடு எடுக்கப் போவதில்லை. பரமேஸ்வரி இருக்கிறாள், அவள் மாதிரி இன்னும் பலர் இருக்கிறார்கள். பந்தல் எச்சரிக்கட்டும், அதன் பிறகும் வீட்டில் இருப்பவரை நம்புவேன் என்று ஒருவர் சொன்னால் நம்ப விடட்டும். முடிவு அவருடையது. சவரியிடம் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டு "சரி" என்றான். இது வேறு சரி. தலையையும் சேர்த்து ஆட்டினான்.

நாளைக்குத் தீபாவளி, கடை மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை போய் வைரவன் அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மாடியில் என் பாயும் தலையணையும் பிரஷும் இருக்கின்றன. ஜூலை மாதம் வீட்டைவிட்டுப் போனபோது எடுத்துப் போனவை. எல்லாவற்றையும் எடுத்து வர வேண்டும். குடையும் அங்கேதான் இருக்கிறது.